பெயரில் மட்டும் இருக்கிறது சட்டி

'உலகச் சோறு' என்று இந்த வாரம் ஒரு தலைப்பு. ஸ்பெயினின் பயேயாவை ஒருவர் எடுத்துக்கொண்டார், இத்தாலியின் ரிசோட்டோவை இன்னொருவர். கடைசியில் மிஞ்சிய செர்பியா என் தலையில் விழுந்தது. அங்கே வீட்டுக்கு வீடு செய்யும் 'ஜுவெச்'சைச் சமைத்துப் பார்த்து எழுத வேண்டும். அரிசி, இறைச்சி, காய்கறி, எல்லாம் ஒரே பாத்திரத்தில். சுலபம் என்று இறங்கினேன். முதல் நாளே சட்டி உடைந்தது.

புது மண்சட்டி அது. கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. நன்றாகச் சூடேறியிருந்த ஓவனுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். பத்தே நிமிடம், விரலைச் சொடுக்கியது போல ஒரு சத்தம். திறந்து பார்த்தால் அடியில் மயிரிழைக் கோடு. அதன் வழியே தக்காளிச் சாறு சொட்டிக் கருகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் தயிர்சாதம்.

மறுநாள் அலுமினியத் தட்டில் செய்தேன். எதுவும் உடையவில்லை. செர்பியர்களில் பெரும்பாலோரும் இன்று தட்டில்தான் செய்கிறார்கள். எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது அங்கேதான்.

சட்டிதான் சாப்பாடு

ஜுவெச் என்பது முதலில் பண்டத்தின் பெயரே அல்ல. துருக்கி மொழியில் 'குவெச்' என்றால் மண்சட்டி. ஒட்டோமான் ஆட்சியில் பால்கன் முழுக்கப் பரவிய அந்தச் சொல், சட்டியில் வெந்ததற்கும் பெயராகி ஒட்டிக்கொண்டது. பல்கேரியாவில் கியுவெச், ருமேனியாவில் கிவெச், கிரேக்கத்தில் யுவெட்சி. கிரேக்கர்கள் அரிசிக்குப் பதில் அரிசி வடிவிலேயே செய்த பாஸ்தாவைப் போடுவார்கள். துருக்கியர் ஆட்டுக்கறி போட்ட இடத்தில் செர்பியர் பன்றிக்கறி போட்டார்கள். போடாமல் இருப்பார்களா? 1906-ல் ஆஸ்திரியா-ஹங்கேரியோடு அவர்களுக்கு மூண்ட சுங்கத் தகராறுக்குச் சரித்திரம் வைத்த பெயரே 'பன்றிப் போர்'.

இப்போது சட்டியின் இடத்துக்கு வந்திருக்கும் தட்டுக்குப் பெயர் 'தெப்சியா'. வேடிக்கை என்னவென்றால், அதுவும் துருக்கிச் சொல்தான்.

கரண்டிக்கு வேலையில்லை

நான்கு பேருக்குக் கணக்கு இது: கொழுப்போடு கூடிய பன்றிக் கழுத்துக்கறி அரை கிலோ, சிறு துண்டுகளாக. உருண்டையான குட்டை அரிசி 200 கிராம், அதாவது ஒரு டம்ளர். பெரிய வெங்காயம் மூன்று, குடைமிளகாய் நான்கு, கேரட் இரண்டு, கத்தரிக்காய் ஒன்று, தக்காளி நான்கு. உப்பு, மிளகு, காரமே இல்லாத சிவப்பு மிளகாய்த்தூள் ஒரு ஸ்பூன். இஞ்சி-பூண்டு விழுது டப்பாவை நோக்கிக் கை தானாகப் போகும், அடக்கிக்கொள்ளுங்கள்.

கறியைச் சிவக்க வதக்கி எடுத்துவிட்டு, அதே கொழுப்பில் வெங்காயத்தைச் சிறுதீயில் குழைய விடவேண்டும். பிறகு தக்காளி தவிர மற்ற காய்கள். மிளகாய்த்தூளை அடுப்பை அணைத்த பிறகே போடவேண்டும், தீய்ந்தால் கசக்கும். எல்லாவற்றையும் பாத்திரத்தில் பரப்பி, அரிசியைப் பச்சையாகத் தூவி, இரண்டரை டம்ளர் கொதிநீர் ஊற்றி, வட்டமாக நறுக்கிய தக்காளியைக் கூரை வேய்வதுபோல மேலே அடுக்கவேண்டும். 180 டிகிரியில் ஒரு மணி நேரம். நடுவில் கிளறவே கூடாது.

பிரியாணியை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். பொலபொலவென்று உதிரும் சோற்றுக்கு செர்பியர்களிடம் 'பிலாவ்' தனியாக இருக்கிறது, நம் புலாவுக்குச் சொந்தக்காரன். ஜுவெச்சில் காய்தான் பெரிய மனிதர். அரிசி, காய் விடுகிற சாற்றைக் குடித்துப் புடைத்துக்கொள்ள வந்த விருந்தாளி. நெல்லுக்குப் பேர்போன கோச்சானி ஊரோ இன்று செர்பியாவில் இல்லை, வடக்கு மாசிடோனியாவில் இருக்கிறது. தெற்கு செர்பியாவின் லெஸ்கொவாட்ஸுக்குக் குடைமிளகாய்தான் பெருமை. புதன், வெள்ளி விரதக்காரர்கள் கறியில்லாமலே இதைச் செய்துவிடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் இதே காய்க்கலவையைக் குளிர்காலத்துக்கென்று பாட்டிலில் அடைத்து வைப்பதும் உண்டு.

சுண்ணக்கல் கலந்த களிமண்

என் சட்டி ஏன் உடைந்தது என்று தேடப்போய்த்தான் ஸ்லாகுசா கிடைத்தது. மேற்கு செர்பியாவில், உஷிட்சே நகருக்கு அருகில் ஒரு கிராமம். பக்கத்து ஊரான வ்ரான்யானியின் களிமண்ணோடு, ருபெல்யெவோவில் எடுக்கும் கால்சைட் என்ற சுண்ணக்கல்லைப் பொடித்துப் பிசைகிறார்கள். சக்கரத்தைச் சுற்றுவது கை. சூடேறும்போது கால்சைட் துகளும் சுற்றியிருக்கும் மண்ணும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிவதால், நேரடி நெருப்பில் வைத்தாலும் சட்டி சட்டென்று விரிசல் விடாது. கல்யாண வீடுகளில் முட்டைக்கோஸும் கறியும் மணிக்கணக்கில் வேகும் பெரிய பெரிய பானைகளும் இந்த மண்ணில்தான் பிறக்கின்றன. 2020-ல் யுனெஸ்கோ இந்தக் கைவினையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஒரு கைவினை பட்டியலில் ஏறிவிட்டது என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். எல்லா வீட்டு அடுப்பிலும் இருக்கிற பொருளுக்கு யார் பட்டியல் போடுகிறார்கள்?

சட்டியை விட்டுப் பெயர் மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெர்மனியே சாட்சி. 1968-ல் யூகோஸ்லாவியாவும் மேற்கு ஜெர்மனியும் ஆள் அனுப்பும் ஒப்பந்தம் போட்டன. வேலைக்குப் போனவர்களோடு 'பால்கன் கிரில்' உணவகங்களும் பெருகின. அங்கே ஜுவெச் என்று கேட்டால், சுட்ட கறிக்குப் பக்கத்தில் ஒரு குவியல் சிவப்புச் சோறு வரும். சட்டியும் இல்லை, கறியும் அதோடு சேர்ந்து வேகவில்லை.

'பாத்திரத்தில் என்ன இருக்கிறது, கைமணம்தான் எல்லாம்' என்பவர்கள் உண்டு. வேலை முடிந்து வந்து சமைப்பவர்களுக்குத் தட்டுதான் தோது என்பதும் நியாயமே. ஆனால் என் தட்டில் ஓரத்து அரிசி பல்லில் கடிபட்டது, நடுவில் தண்ணீர் நின்றது.

மூன்றாம் முறை, இன்னொரு சட்டியில் கஞ்சித் தண்ணீரை மெல்லக் காய்ச்சிப் பழக்கினேன். குளிர்ந்த ஓவனுக்குள் வைத்த பிறகே சூட்டை ஏற்றினேன். இரண்டு மணி நேரம் பிடித்தது. வெளியே எடுத்த பிறகும் கால்மணி நேரம் உள்ளே களக் களக்கென்று கொதி அடங்கவில்லை. அந்தக் கால்மணியில்தான் மிச்சச் சாற்றை அரிசி குடித்து முடித்தது. விளிம்பில் ஒட்டிய தீய்ந்த சோற்றுக்கு வீட்டில் சண்டை.

விரிசல் விட்ட முதல் சட்டியை எறிய மனம் வரவில்லை. மண் நிரப்பி மொட்டைமாடியில் வைத்து, புதினா ஊன்றியிருக்கிறோம். ருமேனிய மொழியில் 'கிவெச்' என்ற சொல்லுக்குப் பூந்தொட்டி என்றும் பொருள் உண்டு.