கணவாய்ப் பாறையும் போடி ரயிலும்

போடி அருகே குரங்கணியில் எங்கள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் 100 கிலோ பச்சைக்காய் இறங்கினால், காய்ந்து எவ்வளவு தேறும் என்று ஒரே எண்ணாகச் சொல்ல மாட்டேன். 18-லிருந்து 22 கிலோ என்பேன். மழையில் பறித்த காய் என்றால் 18-ஐ நம்பித்தான் வியாபாரியிடம் வாய் திறப்பேன்.

பெரிய திட்டங்களுக்கும் இதே கணக்குதான். மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதை 1928-இல் வந்தது. அகலப்பாதையாக்க 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். தூரம் சுமார் 90 கிலோமீட்டர். தண்டவாளம், ஜல்லி, சிலீப்பர் எல்லாம் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறை எப்படி இருக்கும், வருடா வருடம் பட்ஜெட்டில் எவ்வளவு பணம் வரும்? முழுத் தாமதமும் இந்த மாதிரிக் கேள்விகளுக்குள்தான் ஒளிந்திருக்கும். தேனிக்கு ரயில் வந்தது 2022 மே 26. போடிக்கு 2023 ஜூன் 15. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அத்தனை வருடமும் பஸ்ஸில்தான் போனார்கள்.

திண்டுக்கல்–லோயர் கேம்ப் ரயில் பாதை கேட்டும் எங்கள் தேனி மாவட்டம் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மதிப்பீடு போடுகிறவர்கள் முதலில் பாறையைத் துளையிட்டுப் பார்க்கட்டும். பிறகு இரண்டு தேதி சொல்லட்டும்: எல்லாம் கூடிவந்தால் ஒன்று, பாறையும் பணமும் இழுத்தடித்தால் இன்னொன்று.