பிளேஸ்மென்ட் கிடைக்காதவர்களுக்கு அப்ரண்டிஸ்

நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைக்கும் ஆண்டில், அவர்கள் தேடி வரும் கல்லூரிகளின் எண்ணிக்கையும் குறைந்துவிடும். நிறைய பேர் தேவைப்பட்டபோது மாவட்டம் மாவட்டமாக வந்தவர்கள், சென்னையிலும் கோவையிலும் பெயர்பெற்ற சில வளாகங்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அங்கேயும் பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம் வேண்டும், அரியர் கூடாது என்று வடிகட்டுகிறார்கள். இந்த வடிகட்டலில் திறமை தெரியாது. குவியும் விண்ணப்பங்களைக் குறைக்க மட்டுமே அது உதவும்.

இதில் இரண்டு பேர் இழக்கிறார்கள். கண்ட்ரோல் பேனலுக்கு ஒயரிங் செய்யத் தெரிந்த விருதுநகர் மாணவியை யாரும் பார்ப்பதில்லை. அப்படி ஒருவரைத் தேடும் அம்பத்தூர் பட்டறைக்குக் கல்லூரி கல்லூரியாகப் போக எச்.ஆர். பிரிவே கிடையாது. வேலைவாய்ப்பு முகாம்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகின்றன, நல்லதுதான். ஆனால் சில நிமிட நேர்காணலில் ஒருவர் வேலை செய்யும் விதத்தை எப்படிப் பார்ப்பது?

அதைப் பார்க்க ஒரு வழியைச் சட்டமே வைத்திருக்கிறது. தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் 1961இல் வந்தது. 1973இல் பொறியியல் பட்டதாரிகளும், 2014 திருத்தத்துக்குப் பிறகு பி.ஏ., பி.காம். போன்ற படிப்பு முடித்தவர்களும் அதற்குள் வந்தார்கள். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். பட்டதாரிக்குப் பயிற்சி ஓராண்டு. 2019 விதிகள் அவர்களுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை என்று வைத்தன. அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. புதியவரை எடுக்கத் தயங்கும் சிறு முதலாளிக்கு இந்தப் பாதிதான் தைரியம்.

வெளியூர்ப் பிள்ளைக்குச் சென்னையில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் என்று பார்த்தால் இந்த உதவித்தொகை போதாது. வீட்டிலிருந்து பணம் வர வழியில்லாதவர்கள் இந்த வாய்ப்பையே கைவிடுகிறார்கள். அது எனக்கு வேதனையாக இருக்கிறது. அதனால் முதலில் சொந்த மாவட்டத்திலோ பக்கத்து ஊரிலோ இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் போன்றவையும் பட்டதாரி அப்ரண்டிஸ்களை எடுக்கின்றன.

பதிவு செய்ய, நாட்ஸ் (NATS) எனப்படும் தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டத்தின் இணையதளம் இருக்கிறது. தென் மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. கையில் கிடைப்பது அரசுச் சான்றிதழும், உங்கள் வேலையை ஓராண்டு பார்த்த சூப்பர்வைசரின் மதிப்பும். அந்த மதிப்புதான் அடுத்த இடத்துக்குப் பரிந்துரையாக மாறும். ஆகவே சேரும் முன்பே எந்தப் பிரிவில் போடுவார்கள், யார் கற்றுத்தருவார், எந்த மெஷினில் கை வைக்க விடுவார்கள் என்று கேளுங்கள். ஓராண்டும் ஃபைல் தூக்க வைக்கும் இடம் என்று தெரிந்தால் வேறு இடம் பாருங்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் கன்சல்டன்சிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.