வேலை செய்வது மருந்தா, ஊசியா?

மாத இறுதிக்குள் ஐந்து தசை முடிச்சு ஊசிக்கு மொத்தமாகப் பணம் கட்டினால் சலுகை என்று கைபேசியில் வரும் விளம்பரத்தைக் குறிப்பிட்டு வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கட்டலாமா, உள்ளே போவது ஸ்டீராய்டா, மருந்தே இல்லாமல் குத்துகிறார்களாமே என்று ஆளுக்கொரு குழப்பம். தேதி நெருங்குவதால் முக்கியமானதை மட்டும் பார்த்துவிடுவோம்.

'முடிச்சைக் கரைக்கும் மருந்து' என்ற விளம்பர வாசகத்தை நம்ப வேண்டாம். கரைக்கும் மருந்து எதுவும் அந்த சிரிஞ்சில் இல்லை. பெரும்பாலும் இருப்பது, பல் பிடுங்கும் முன் ஈறில் போடுகிற அதே மரத்துப்போகும் மருந்தான லிக்னோகைன். அதன் வேகம் ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடும். ஆனால் சிலருக்கு வலி பல நாட்கள், வாரங்கள்கூடக் குறைந்தே இருக்கிறது. மருந்து வடிந்த பிறகும் எப்படி?

1979இல் செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட், வெறும் ஊசியாலேயே வலி குறைவதாக எழுதினார். அடுத்த ஆண்டு டென்மார்க் மருத்துவர்கள் ஒரு பிரிவினருக்கு மரத்துப்போகும் மருந்தையும் இன்னொரு பிரிவினருக்கு வெறும் உப்புநீரையும் செலுத்தி, முடிவை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். உப்புநீர் பெற்றவர்கள் சற்று மேலாகவே இருந்தார்கள்!

அப்படியானால் வேலை நடப்பது ஊசி முனையில். தோள்பட்டையில் கயிறுபோல் இறுகிய தசையை, அதாவது முடிச்சு இருக்கும் இடத்தை, மருத்துவர் இரு விரலால் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்குகிறார். முழுதாக வெளியே எடுக்காமல் சற்றுப் பின்னிழுத்து, கோணம் மாற்றி மறுபடி செலுத்துகிறார். சரியான இடம் தட்டுப்பட்டால் தசை வெடுக்கென்று ஒருமுறை துடிக்கும். 1994இல் ஹாங் என்ற மருத்துவரின் ஆய்வில், இந்தத் துடிப்பு வந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. மருந்து இருந்ததோ இல்லையோ, பலன் ஒன்றுதான். லிக்னோகைன் கிடைத்தவர்களுக்கு ஊசிக்குப் பிந்தைய குத்துவலி குறைவு, அவ்வளவே. குத்தும் வலியைத் தணிக்கும் மருந்துதான் சிகிச்சையின் பெயரில் விற்கப்படுகிறது.

என்னை உறுத்துவது இதற்கும் மேலே. இந்த முடிச்சு வழக்கமான எக்ஸ்ரேயில் தெரியாது. தொட்டுப் பார்க்கும் இரண்டு மருத்துவர்கள் ஒரே இடத்தைக் காட்டுவதும் நிச்சயமில்லை. 2001இல் அதுவரையிலான ஆய்வுகளை அலசியவர்கள், எதைச் செலுத்தினாலும் பலனில் வேறுபாடில்லை என்றார்கள். ஆனால் அந்தப் பலன் போலிச் சிகிச்சை தரும் ஆறுதலைவிட அதிகமா என்பதை உறுதிப்படுத்தவும் முடியவில்லை, மறுக்கவும் முடியவில்லை. இப்படியொரு சிகிச்சைக்கு, முதல் ஊசியின் பலன் தெரியும் முன்பே ஐந்து ஊசிக்கு முன்பணம் கேட்பது நியாயமே இல்லை.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

ஸ்டீராய்டு? இதற்குத் தேவையென்று சான்றில்லை. சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தச் சர்க்கரை அளவு ஏறும், ஸ்டீராய்டு கலக்கிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆபத்து? அரிதுதான், ஆனால் மார்பு, மேல் முதுகுப் பகுதியில் ஊசி ஆழமாக இறங்கினால் நுரையீரல் உறையில் காற்று புகலாம், மூச்சுத்திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள்? முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எத்தனை ஊசி? ஒன்று போட்டுப் பாருங்கள். வலி தணிந்திருக்கும் நாட்களிலேயே பிசியோதெரபி பயிற்சியைத் தொடங்குங்கள்.