அநாதை இல்லமும் அயல்நாட்டு விருந்தினரும்

கண்டி மாநகருக்கு வரும் வெளிநாட்டவர் காணும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. தலதா மாளிகையைக் கண்டு, பேராதனைப் பூங்காவில் நிழலாறி, பின்னவலைக்குச் சென்று மகா ஓயாவில் யானைகள் நீராடும் காட்சியைக் களித்து அவர்கள் மீள்வர். கடந்த சில பத்தாண்டுகளில் இவ்வரிசையில் இன்னோர் இடமும் சேர்ந்துகொண்டது. நகரின் அயலில் உள்ள சிறுவர் இல்லமே அது.

இவ்வில்லங்களை நாடி வருவோருள் திருச்சபைக் குழுவினர் ஒரு சாரார். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ அவுஸ்திரேலியாவிலோ உள்ள ஒரு சபையைச் சேர்ந்த இளைஞர் பத்துப் பதினைந்து பேர் பணம் சேர்த்து, விடுமுறைக் காலத்தில் புறப்பட்டு வருவர். சுவர்களுக்கு வண்ணம் பூசுவர், ஆங்கிலப் பாட்டுகளைக் கற்பிப்பர், பிள்ளைகளுடன் பந்தாடுவர், சிறு குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சுவர். இரண்டு கிழமைகள் கழிந்து விடைபெறும்போது வந்தவர்களும் அழுவர், பிள்ளைகளும் அழுவர். வந்தவர்களின் நல்லெண்ணத்தில் ஐயங்கொள்ள இடமில்லை. ஆராய வேண்டியது அந்தப் பிள்ளைகளின் அழுகையையே.

இல்லத்துப் பிள்ளைகள் முன்பின் அறியாத விருந்தினரிடமும் ஓடிவந்து கையைப் பற்றிக்கொள்வதைப் பலர் வியந்து கூறுவதுண்டு. 'எவ்வளவு அன்பான குழந்தைகள்!' என்று அவர்கள் நெகிழ்வர். குழந்தை உளவியலார் இதனை வேறு விதமாக நோக்குகின்றனர். தாயின் மடியில் வளரும் இரண்டு வயதுக் குழந்தை அந்நியரைக் கண்டால் முந்தானைக்குள் மறையும். அந்த அச்சம், தனக்கென ஒருவர் உண்டு என்ற உறுதியிலிருந்து பிறப்பது. எல்லோரிடமும் ஒரே வேகத்தில் ஒட்டிக்கொள்ளும் குழந்தைக்கு அந்த உறுதி கிட்டாமற் போயிருக்கலாம். ஆகவே விருந்தினர் அன்பென்று கொள்வதைக் காயத்தின் தழும்பென்று ஆய்வாளர் கொள்கின்றனர். கிழமைதோறும் ஒரு புதிய முகம் வந்து, கொஞ்சி, மறைந்துபோகுமாயின் அக்காயம் எவ்வாறு ஆறும்?

இது வெறும் ஊகமன்று. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜோன் போல்பி என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1951இல் எழுதிய அறிக்கை, குழந்தைக்கு உணவைப்போலவே நிலையான ஒருவரின் பராமரிப்பும் இன்றியமையாதது என்று வற்புறுத்தியது. அரை நூற்றாண்டின் பின் ருமேனியத் தலைநகர் புக்காரெஸ்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர் 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டனர். அனைவரும் அரச இல்லங்களில் இருந்தவர்கள். சீட்டுக் குலுக்கியதுபோல் அவர்களுள் பாதிப் பேரைத் தெரிந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களிடம் ஒப்படைத்தனர். குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் பாசப் பிணைப்பிலும் முன்னேறினர். இரண்டு வயதுக்கு முன்னர் சென்றவர்கள் பெற்ற பயன் சிறப்பாகப் புலப்பட்டது.

இனி, 'அநாதை' என்ற சொல்லையும் சற்று உரைத்துப் பார்த்தல் வேண்டும். உலகெங்கும் இத்தகைய இல்லங்களில் வாழும் குழந்தைகளுள் ஐந்தில் நால்வருக்குத் தாயோ தந்தையோ, அன்றி இருவருமோ உயிருடன் இருக்கின்றனர் எனச் 'சேவ் த சில்ரன்' அமைப்பு 2009இல் எடுத்துக் காட்டியது. இலங்கையின் நிலையும் இதற்குப் புறம்பானதன்று. மத்திய மலைநாட்டில் இதன் காரணத்தை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கொழுந்து பறிக்கும் தாய் தன் குழந்தையைப் பிள்ளைமடுவத்தில் விட்டு மலையேறுகிறாள். அவளே வீட்டுப் பணிப்பெண்ணாக மத்திய கிழக்குக்குச் சென்றுவிட்டால், பிள்ளை பாட்டியின் பொறுப்பாகிறது. பாட்டியும் நோயுற்றால் எஞ்சுவது இல்லத்தின் வாயில். அங்கே மூன்று வேளை உணவும் பாடசாலைக்குச் செல்லும் வசதியும் உண்டு. பிள்ளையை அங்கே ஒப்படைப்பது வறுமையேயன்றி மரணமன்று. வறுமை ஒன்றையே காரணமாக்கிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்தலாகாது என ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டி நெறிகள் கூறுகின்றன.

விருந்தினர் கொணரும் பணமும் இதனுடன் சேரும்போது நிலைமை மேலும் சிக்கலாகிறது. கம்போடியாவில் உல்லாசப் பயணிகள் பெருகிய 2005க்கும் 2010க்கும் இடையில் சிறுவர் இல்லங்களின் தொகை 75 சதவீதம் உயர்ந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் அவ்வளவு பெருகியிருக்கவில்லை, பார்வையாளரே பெருகினர். இலங்கைக்கும் இத்தகைய கசப்பான அனுபவம் ஒன்றுண்டு. முன்பு இங்கிருந்து 11,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஐரோப்பியக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். அவர்களுட் பலரின் பத்திரங்கள் பொய்யாகப் புனையப்பட்டவை என்பது பின்னர் வெளிப்பட்டது. அந்த ஐரோப்பியத் தம்பதியருள் பெரும்பாலோர் தாங்கள் ஓர் அநாதைக்கு வாழ்வளிப்பதாகவே நம்பினர்.

பின்னவலையைப் பற்றி முன்னர்க் குறித்தோம். தாயை இழந்த யானைக் கன்றுகளுக்கென 1975இல் அது தொடங்கப்பட்டது. மனிதருடன் நெருங்கிப் பழகிவிட்ட அந்த யானைகள் காட்டுக்குத் திரும்புவதில்லை. 1995இல் உடவளவையில் தோன்றிய யானைக் கன்றுப் பராமரிப்பு நிலையம் வேறொரு வழியை மேற்கொண்டது. அங்கே கன்றுகளுக்கு வேளை தவறாது பால் புகட்டுவர். பார்வையாளர் எட்ட நின்றே காணலாம். வளர்ந்ததும் கன்றுகளைக் காட்டில் விடுவர். இவ்வாறு நூற்றுக்கும் மேற்பட்டவை காடு சேர்ந்துள்ளன. குழந்தையையும் கன்றையும் ஒப்பிடுவது முறையாகாது என்பர் சிலர். மெய்தான், ஆயினும் குழந்தைகளின் திறத்தில் அவ்வளவு எச்சரிக்கையேனும் வேண்டாமா?

கண்டிச் சீமைக்குக் கடல் கடந்து வந்த திருச்சபைத் தொண்டர் வேறொரு வகையினரும் உளர். காப்பித் தோட்டங்கள் செழித்திருந்த 1854இல், 'தமிழ்க் கூலி மிஷன்' என அக்காலத்தில் வழங்கிய பணி கண்டியில் தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களது சமய நோக்கம் ஒருபுறமிருக்க, தோட்டத் தொழிலாளரின் மொழியே அவர்களது தாய்மொழியாகவும் இருந்தது. ஒரு பிள்ளை அழுதால் ஏன் அழுகிறது என்று கேட்கவும், அது சொல்லும் மறுமொழியை விளங்கிக்கொள்ளவும் அவர்களால் முடிந்தது. இரண்டு கிழமை விருந்தினருக்கு அது இயலாத காரியம்.

அயல்நாட்டுச் சபையார் வரவே கூடாது என்பதன்று இங்கே கருத்து. வர விரும்புவோர் முதலில் அறிய வேண்டியவை சில உள. அவ்வில்லம் 1941ஆம் ஆண்டின் அநாதை இல்லக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவானதா, மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தார் அதனைப் பார்வையிடுகின்றனரா, சென்ற ஆண்டில் எத்தனை பிள்ளைகள் வீடு திரும்பினர் என்பவற்றை அவர்கள் விசாரிக்கலாம். மூன்றாவது வினாவுக்கு விடை கூறத் தயங்கும் இல்லத்தை விட்டு விலகுதல் நன்று. சுவருக்கு வண்ணம் பூச உள்ளூர்க் கூலியாளுக்கு வேலை கொடுக்கலாம். தாதியர், மேற்பார்வையாளர் ஆகியோரின் ஊதியத்தை உயர்த்த உதவினால், அவர்கள் ஆண்டுக்கொருவராக மாறாமல் அங்கேயே நிலைத்திருப்பர். நாவலப்பிட்டிக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து கண்டிக்கு வந்து பிள்ளையைப் பார்த்துச் செல்லும் தாய்க்குப் பஸ் கட்டணமும், அன்றைக்கு இழக்கும் நாட்கூலியும் கிடைக்குமாயின் அவள் மாதந்தோறும் வருவாள். பிள்ளையும் அவள் முகத்தை மறவாது.