அரண்மனைப் புஸ்தகங்கள் ஊராருக்கு வந்த கதை

தஞ்சாவூருக்குப் போகிறவர்கள் முதலில் பெரிய கோவிலுக்குப் போகிறார்கள். நந்தியைப் பார்த்து வியக்கிறார்கள். பிறகு அரண்மனைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தலையாட்டிப் பொம்மை ஒன்று வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். நாமும் வெகு காலம் அப்படித்தான் செய்து வந்தோம். அந்த அரண்மனையிலேயே இருக்கும் ஸரஸ்வதி மஹால் புஸ்தகசாலையில் சாவகாசமாக ஒரு நாளைக் கழித்த பிறகுதான், இத்தனை வருஷமும் எதைப் பார்க்காமல் திரும்பினோம் என்று தெரிந்தது.

அங்கே சுமார் 49,000 சுவடிகள் இருக்கின்றன. முக்கால் பங்குக்கு மேல் ஸம்ஸ்கிருதம். தமிழ்ச் சுவடிகள் 3,000-க்கு மேல். மராத்தியும் ஏறத்தாழ அதே அளவு. தெலுங்கு 800-க்கு மேல். நாயக்க மன்னர்கள் தொடங்கிய சேகரத்தை, 1676-க்குப் பிறகு வந்த மராத்திய மன்னர்கள் வளர்த்தார்கள். ஆனால் இந்தப் புஸ்தகசாலைக்கு இன்றைய உருவம் கொடுத்தவர் இரண்டாம் சரபோஜி.

அவர் கதை விசித்திரமானது. 1798-ல் பட்டத்துக்கு வந்தார். மறு வருஷமே ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, ராஜ்யத்தைக் கும்பினியாரிடம் ஒப்படைக்க நேர்ந்தது. கோட்டையும், ராஜா என்ற பட்டமும், வருஷந்தோறும் ஒரு தொகையும் மிஞ்சின. இந்த நிலையில் வேட்டையிலும் விருந்திலும் காலத்தைப் போக்கிய ராஜாக்கள் நம் தேசத்தில் எத்தனையோ பேர். சரபோஜியோ புஸ்தகம் வாங்கினார். 1820-ல் காசி யாத்திரை புறப்பட்டபோது பரிவாரத்தோடு பண்டிதர்களையும் அழைத்துச் சென்றார். விலைக்குக் கிடைத்த சுவடிகளை வாங்கினார்கள். கிடைக்காதவற்றைப் பிரதி எடுத்தார்கள். கங்கைத் தீர்த்தத்தோடு கிரந்தங்களும் தஞ்சைக்கு வந்து சேர்ந்தன. சீமையிலிருந்து தருவித்த அச்சுப் புஸ்தகங்கள் ஆயிரக்கணக்கில். ஜான்ஸனின் ஆங்கில அகராதியும், லவாய்ஸியரின் ரஸாயன நூலும் அவற்றில் உண்டு. பல புஸ்தகங்களில் ராஜா தம் கைப்பட ஆங்கிலத்தில் கையெழுத்திட்டிருக்கிறார். மனிதர் முகங்களை மிருகங்களோடும் பட்சிகளோடும் ஒப்பிட்டு லெப்ரன் என்ற பிரெஞ்சுச் சித்திரக்காரர் வரைந்த படங்களும் அங்கே இருக்கின்றன. ஆந்தை முகத்து மனிதரைக் கண்டதும் நமக்குத் தெரிந்த ஒருவருடைய நினைவு வந்தது. யார் என்று சொல்லமாட்டோம்!

நம்மை வெகு நேரம் நிறுத்தி வைத்தவை கண் நோயாளிகளைப் பற்றிய காகிதங்கள். சரபோஜியின் ஆதரவில் கண்களுக்குச் சஸ்திர சிகிச்சை நடந்தது. நோயாளியின் நிலை என்ன, என்ன சிகிச்சை செய்தார்கள், பலன் என்ன என்று ஆங்கிலத்தில் குறித்திருப்பதோடு, அந்தக் கண்ணையே வர்ணம் தீட்டி வரைந்தும் வைத்திருக்கிறார்கள். ராஜாக்களின் படங்களை எங்கும் பார்க்கிறோம். ஒரு சாதாரணக் குடியானவரின் புரை விழுந்த கண்ணை, இருநூறு வருஷத்துக்கு முன்பு, இவ்வளவு சிரத்தையோடு எழுதி வைத்த இடம் வேறு எங்கே இருக்கிறது? இன்னொரு புறம், நாட்டு வைத்தியர்களின் முறைகளையும் அவர் தொகுக்கச் செய்தார். அவற்றைச் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் புஸ்தகசாலையாரே பிற்காலத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். மராத்தியில் எழுதிய ஒரு பாக சாஸ்திரமும் உண்டு என்பதை வீட்டுப் பெண்மணிகளுக்கும், சாப்பாட்டில் ருசியுள்ள ஆண்மணிகளுக்கும் தெரிவித்துக்கொள்கிறோம்.

இவையெல்லாம் நமக்குக் கிடைக்காமலே போயிருக்கலாம். 1855-ல் சரபோஜியின் குமாரர் சிவாஜி ஆண் வாரிசின்றிக் காலமானார். கும்பினியார் ராஜ்யத்தோடு நிற்காமல் அரண்மனைச் சொத்துக்களையும் கைப்பற்றினார்கள். ராணி காமாட்சி பாய் சாகிப் வழக்காடினார். சென்னையில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. 1859-ல் லண்டன் பிரிவி கௌன்ஸில் அதை மாற்றிவிட்டது. பிறகு 1862-ல், தயவு என்ற பெயரில், சொந்தச் சொத்துக்களை ராணிகளுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அபகரித்ததை அபகரித்தவரே தானமாகக் கொடுப்பதில் ஒரு தனி அழகு உண்டு! எப்படியானாலும் சுவடிகள் கப்பல் ஏறவில்லை. ஜில்லா நீதிபதியாக இருந்த பர்னெல் துரை அவற்றை ஆராய்ந்து 1880-ல் வெளியிட்ட அட்டவணையால்தான், தஞ்சையில் என்ன இருக்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது. பின்னர், 1918-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ராஜ குடும்பத்தினர் தங்கள் பாத்தியதையை விட்டுக்கொடுக்க, புஸ்தகசாலை பொதுஜனங்களுடையதாயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் விசேஷமாகச் சொல்ல விரும்புகிறோம். லண்டகே, காகல்கர், பதங்க அவதூதர் முதலிய தஞ்சை வித்வான்களின் வீடுகளில் பரம்பரையாக இருந்து வந்த சுவடிகளும் அங்கே வந்து சேர்ந்தன. ஆயுத பூஜையன்று சந்தனம் தெளித்து, பிறகு பரணில் ஏற்றிவிடும் ஏட்டுக் கட்டுகள் நம் வீடுகளில் எத்தனை! செல்லுக்கு இரையானவை போக, ஆற்றில் விட்டவை எத்தனை! அந்தக் குடும்பத்தார் அப்படிச் செய்யவில்லை. இன்று அவர்கள் கொடுத்த ஏடுகள், வசம்பு, மிளகு, கிராம்பு, கருஞ்சீரகம், இலவங்கப்பட்டை இவற்றை இடித்துக் கட்டிய சிறு முடிச்சுகளின் காவலில் பத்திரமாக இருக்கின்றன. பூச்சிகள் அந்த வாசனைக்கு அருகே வருவதில்லை. அஞ்சறைப் பெட்டிச் சரக்கு அகத்தியருக்கும் வால்மீகிக்கும் காவல் நிற்கிறது.

ஸம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு 1928 முதல் 1934 வரையில் பி. பி. எஸ். சாஸ்திரியார் 19 பாகங்களில் விரிவான அட்டவணை செய்து முடித்தார். ஆனால் மராத்திய அரசாங்கத்தின் தஸ்தாவேஜுகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுகளாக இருக்கின்றனவே, அவற்றின் கதி வேறு. அவை மோடி எழுத்தில் எழுதியவை. கையை எடுக்காமல் ஓட்டமாக எழுதும் எழுத்து அது. மராத்தி தெரிந்தவர்களுக்கே எளிதில் விளங்குவதில்லை. தமிழ்ப் பல்கலைக் கழகத்தார் அப்படிப்பட்ட ஆவணங்களில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறார்கள். கோவில் செலவு, சத்திரத்துச் சாப்பாடு, வேலையாட்களின் சம்பளம், ஆட்டக்காரிகளுக்கு அளித்த வெகுமதி என்று நம் பாட்டனார்களுக்குப் பாட்டனார்கள் வாழ்ந்த ஊர் அதில் காசு கணக்கோடு தெரிகிறது. மீதிக் கட்டுகளை அவிழ்த்துப் படிக்க மோடி தெரிந்தவர்கள் வேண்டும். அத்தகையவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.