தையல் பெட்டியில் ஒரு ஃபோர்செப்ஸ்

மலேசியாவின் மலையூரான கம்போங் ராஜாவின் குளிருக்குப் பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைக்கிறீர்களா? தடித்த மடிப்பில் ஊசி சிக்கிக்கொள்ளும். விரலால் இழுத்தால் வழுக்கும். அங்கே கைகொடுப்பது, அறுவை சிகிச்சையில் இரத்தக் குழாயைப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். வரிவரியான அதன் வாய் ஊசியைக் கவ்வும்; கைப்பிடிப் பற்கள் ‘கிளிக்’கென்று பூட்டிக்கொள்ளும். நேராக இழுங்கள், முறுக்கினால் ஊசி ஒடியும். ரவிக்கைக் கயிற்றைத் தைத்துப் புரட்டவும் இது தோது. புதிதாகவே வாங்குங்கள், மருத்துவமனையில் கழித்தது வீட்டுக்கு வேண்டாம். மருத்துவமும் தையலிடம் வாங்கியிருக்கிறது: 1912இல் நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் கேரல், இரத்தக் குழாயைத் தைப்பதற்கான நுணுக்கத்தை பிரான்சின் லியோன் நகரில் ஒரு பூத்தையல்காரப் பெண்ணிடம் கற்றார்.