கப்பல் அறையில் சொந்தப் படம் பார்க்கலாமா? புறப்படும் முன் அறிய வேண்டியவை

திரை என்ற சொல்லுக்குத் தமிழில் அலை என்றும் ஒரு பொருள் உண்டு. இன்று உல்லாசக் கப்பலில் போகும் குடும்பங்களுக்கு இரண்டு திரைகளுமே வேண்டியிருக்கின்றன. பகலில் மேல்தளத்தில் நின்று அலையைப் பார்க்க வேண்டும். இரவில் அறைக்குத் திரும்பியதும் பிடித்த படம் ஒன்றைப் பார்க்க வேண்டும். முதல் திரையைக் கடல் தந்துவிடுகிறது. இரண்டாவதுதான் சிக்கல்.

சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகளில் திரும்பிவரும் கப்பல் பயணங்கள் பள்ளி விடுமுறைக் காலத்தில் பல குடும்பங்களுக்குப் பழக்கமாகிவிட்டன. மூத்தவர்களைச் சிரமமின்றி அழைத்துச் செல்ல இது வசதியான வழி. ஆனால் அறையில் உள்ள தொலைக்காட்சியில் தமிழ் நிகழ்ச்சி கிடைப்பது அரிது. ஆகவே வீட்டிலிருந்தே படங்களைக் கொண்டுபோய் அந்தத் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்க்கலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தாத்தாவுக்கு எண்பது வயது நிறைகிறது. பிள்ளைகள் சேர்ந்து அவரையும் பாட்டியையும் கப்பலில் அழைத்துப் போகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் நடந்த தாத்தாவின் அறுபதாம் கல்யாண வீடியோவை மூத்த மகன் கைத்தொலைபேசியில் ஏற்றி எடுத்து வந்திருக்கிறார். அந்தப் படத்தில் சிரித்துப் பேசும் உறவினர்களில் பலர் இன்று இல்லை. இரவு எல்லாரும் ஓர் அறையில் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். மகன் கேபிளைச் செருகுகிறார். திரையில் கப்பலின் உணவகப் பட்டியல் மட்டுமே ஓடிக்கொண்டிருக்கிறது. அரைமணி நேரம் போராடிப் பார்க்கிறார். "விடுப்பா, வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்," என்கிறார் தாத்தா.

அந்த ஏமாற்றம் தவிர்க்கக்கூடியது. அதற்கு, இந்தத் தொலைக்காட்சி எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டுத் தொலைக்காட்சி வேறு, கப்பல் தொலைக்காட்சி வேறு

வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் தங்கும் விடுதிகளுக்கும் கப்பல்களுக்கும் தயாரிப்பாளர்கள் தனி வகைத் தொலைக்காட்சிகளை விற்கிறார்கள். அவற்றில் 'விடுதி முறை' என்ற அமைப்பு உண்டு. ஒலியை எவ்வளவு கூட்டலாம், எந்த ஒளிவழியைப் பார்க்கலாம், வெளியிலிருந்து கருவியை இணைக்கலாமா என்பவற்றை எல்லாம் கப்பல் நிர்வாகமே முடிவு செய்து பூட்டி வைத்துவிடலாம்.

கப்பலின் உள்வலைப்பின்னல் வழியாகத்தான் அந்தத் தொலைக்காட்சிக்கு எல்லாம் வருகின்றன. அன்றைய நிகழ்ச்சி நிரல், பயணியின் செலவுக் கணக்கு, கப்பல் செல்லும் பாதை, பாதுகாப்பு விளக்கப் படம் ஆகியவை அதில் அடங்கும். எனவே அது பொழுதுபோக்குக் கருவி மட்டுமல்ல, கப்பல் பயணியோடு பேசும் கருவியும் ஆகும்.

நான்கு கதவுகள்

சொந்தக் கருவியில் உள்ள படம் அந்தத் திரையை அடைய நான்கு கதவுகளைத் தாண்ட வேண்டும்.

முதல் கதவு, செருகுவாய். பெரும்பாலான புதிய தொலைக்காட்சிகளில் எச்டிஎம்ஐ செருகுவாய் இருக்கும். படமும் ஒலியும் ஒரே கேபிளில் போகும். பழைய கப்பல்கள் சிலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வட்டத் துளைகள் மட்டும் இருக்கலாம். செருகுவாய் இருந்தும் பயனில்லாத நிலையும் உண்டு. தொலைக்காட்சி சுவரோடு ஒட்டிப் பொருத்தப்பட்டிருந்தால் பின்பக்கம் கை நுழையாது. பக்கவாட்டில் செருகுவாய் இருந்தால் அதிர்ஷ்டம். தடித்த கேபிளைவிட, எளிதில் வளையும் மெல்லிய இரண்டு மீட்டர் கேபிள் இங்கே உதவும்.

இரண்டாவது கதவு, பூட்டு. கேபிளைச் செருகிய பிறகு தொலைக்காட்சியிடம் 'இந்தச் செருகுவாயிலிருந்து படத்தை எடு' என்று சொல்ல வேண்டும். வீட்டு ரிமோட்டில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. கப்பல் ரிமோட்டில் பெரும்பாலும் அது இருக்காது. சில தொலைக்காட்சிகளின் ஓரத்தில் உள்ள பொத்தான் வேலை செய்யும். சிலவற்றில் அதுவும் பூட்டப்பட்டிருக்கும். அப்போது அறைப் பணியாளரையோ விருந்தினர் சேவை முகப்பையோ அணுகிக் கேட்பதே முறை. முடியாது என்று அவர்கள் சொல்லிவிட்டால் அதோடு விட்டுவிட வேண்டும். பின்பக்க வயர்களைக் கழற்றுவது, இரகசிய எண்களை அழுத்திப் பார்ப்பது எல்லாம் வேண்டாத வேலை. பழுது ஏற்பட்டால் செலவு பயணியின் தலையில் விழும்.

மூன்றாவது கதவு, பயணியின் கருவி. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். யுஎஸ்பி-சி செருகுவாய் உள்ள எல்லாக் கைத்தொலைபேசிகளும் படத்தை வெளியே அனுப்பக்கூடியவை அல்ல. 2023இல் வந்த ஐபோன் 15 தொடங்கி ஆப்பிள் கைத்தொலைபேசிகளில் இந்த வசதி உண்டு. அதற்கு முந்தியவற்றுக்கு லைட்னிங் வகை இணைப்பான் தனியாக வேண்டும். சாம்சுங்கின் உயர்விலை எஸ் வரிசையில் பலவற்றுக்கு இந்த வசதி உண்டு. குறைந்த விலைக் கைத்தொலைபேசிகள் பெரும்பாலானவற்றில் மின்னேற்றமும் கோப்புப் பரிமாற்றமும் மட்டுமே நடக்கும். செருகுவாய் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே வேலை வேறு.

நான்காவது கதவு, படத்தின் பூட்டு. கட்டணம் கட்டிப் பார்க்கும் திரைப்படச் சேவைகளில் திருட்டுப் பிரதி எடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடு உண்டு. கைத்தொலைபேசியும் இணைப்பானும் தொலைக்காட்சியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒப்புக்கொண்டால்தான் படம் தெரியும். இல்லையென்றால் ஒலி மட்டும் கேட்டுத் திரை கறுப்பாகிவிடும். குடும்பத்தார் எடுத்த திருமண வீடியோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது அவர்களுடைய சொந்தக் கோப்பு.

யுஎஸ்பி விரலி போதாதா?

கேபிள் எதற்கு, படத்தை யுஎஸ்பி விரலியில் போட்டுத் தொலைக்காட்சியில் செருகினால் ஆகாதா என்று கேட்கலாம். சில கப்பல்களில் ஆகும். ஆனால் பல விடுதித் தொலைக்காட்சிகளில் அந்தச் செருகுவாய் பழுதுபார்ப்பவர்களுக்காக மட்டும் வைக்கப்பட்டிருக்கும். முயன்று பார்க்க விரும்புவோர் இரண்டைக் கவனிக்க வேண்டும். படம் எம்பி4 வடிவில் இருந்தால் பெரும்பாலான தொலைக்காட்சிகள் ஏற்கும். ஃபாட்32 என்ற பழைய முறையில் அமைக்கப்பட்ட விரலியில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டக்கூடாது. நீண்ட வீடியோவை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

கடலில் இணையத்தை நம்பலாமா?

வீட்டில் குரோம்காஸ்ட் போன்ற சிறு கருவியைத் தொலைக்காட்சியில் செருகி, கைத்தொலைபேசியிலிருந்து படத்தை அனுப்பிப் பழகியவர்கள் அதையே கப்பலுக்கும் எடுத்துப் போகிறார்கள். அது பெரும்பாலும் வேலை செய்வதில்லை. காரணம் இரண்டு. கப்பலின் வைஃபையில் சேர ஒரு பக்கத்தைத் திறந்து பெயரும் மறைசொல்லும் கொடுக்க வேண்டும். பழைய குரோம்காஸ்ட் கருவிகளுக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரியாது. அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் போன்றவற்றில் அதைத் திறக்க முடியும். அதன் பிறகும் இரண்டாவது தடை நிற்கிறது. பொது வைஃபைகளில் பாதுகாப்பை முன்னிட்டு ஒருவர் கருவி மற்றவர் கருவியைக் காணாதபடி பிரித்து வைத்துவிடுவார்கள். அப்போது சொந்தக் கைத்தொலைபேசியே சொந்தக் கருவியைக் கண்டுபிடிக்காது. இதைச் சமாளிக்கச் சிறு ரவுட்டரைக் கொண்டுபோகலாமா என்றால், சில நிறுவனங்கள் அதைக் கப்பலில் தடை செய்துள்ளன.

2022க்குப் பிறகு பல கப்பல்கள் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையத்துக்கு மாறியதால் வேகம் கூடியிருக்கிறது என்பது உண்மை. ஆனாலும் அது பொதுவாகக் கருவிக் கணக்கில், நாள் கணக்கில் கட்டணம் வாங்கும் சேவை. படத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்வதே சிக்கனம். பதிவிறக்கிய படங்கள் சிலவற்றுக்குக் காலக்கெடு உண்டு. ஆகையால் புறப்படும் நாளன்று இணையத்தை அணைத்துவிட்டு, படம் ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பணப்பையைக் காக்கும் இன்னொரு குறிப்பும் உண்டு. கப்பல்களில் கடல்வழிக் கைத்தொலைபேசிச் சேவை தனியாக இயங்கும். அதன் கட்டணம் மிக அதிகம். வழக்கமான வெளிநாட்டு ரோமிங் திட்டங்களில் அது பொதுவாக அடங்காது. கைத்தொலைபேசி தெரியாமல் அதில் இணைந்துவிட்டால், படம் பார்த்த இரவுக்குப் பெரிய கட்டணச் சீட்டு வரலாம். கப்பல் புறப்பட்டதும் கைத்தொலைபேசியை விமானப் பயன்முறையில் வைத்துவிடுவதே பாதுகாப்பு.

மின்சாரத்தில் அலட்சியம் கூடாது

கேபிள் பிரச்சினையில் படம் மட்டுமே போகும். மின்சாரப் பிரச்சினையில் உயிரே போகலாம். கைத்தொலைபேசி, மடிக்கணினி, ஒலிபெருக்கி என்று பல கருவிகளுக்கு மின்சாரம் வேண்டும் என்பதற்காக வீட்டிலுள்ள எக்ஸ்டென்ஷன் பலகையைப் பெட்டியில் போட்டுக்கொள்வது பலரின் வழக்கம். பல கப்பல்களில் அதைச் சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பயணிகள் இதை வீண் கெடுபிடி என்று நினைப்பதுண்டு. ஆனால் காரணம் இருக்கிறது.

கரையில் வீட்டுக்கு வரும் இரண்டு மின்கம்பிகளில் ஒன்று நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். பல கப்பல்களில் அப்படி இல்லை. இரண்டு கம்பிகளிலும் மின்னழுத்தம் இருக்கும். எங்காவது ஓரிடத்தில் கசிவு ஏற்பட்டாலும் முக்கிய இயந்திரங்கள் சட்டென நின்றுவிடக்கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் வசதியுள்ள வீட்டுப் பலகைகள் கரைக்காக வடிவமைக்கப்பட்டவை. கோளாறு ஏற்பட்டால் அவை ஒரு கம்பியை மட்டும் துண்டிக்கும். கப்பலில் மறுகம்பியில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். பலகை சூடேறித் தீப்பற்றலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இதுபற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. நடுக்கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே கப்பல் நிறுவனத்தின் தடைப் பட்டியலை முன்கூட்டியே படித்துவிட்டு, அது அனுமதிக்கும் யுஎஸ்பி மின்னேற்றியை மட்டும் கொண்டுபோவது நல்லது. பல கப்பல்களில் அமெரிக்கத் தட்டை முனை, ஐரோப்பிய வட்ட முனை ஆகிய பிளக்குகளுக்கே இடம் இருக்கும். சிங்கப்பூர், மலேசிய மூன்று முனைப் பிளக்குக்குப் பயண இணைப்பான் தேவைப்படும்.

படத்தைவிட முக்கியமான ஒன்று

2012 ஜனவரி 13ஆம் தேதி இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கோர்டியா கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தனர். அன்று ஏறிய பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி அதுவரை நடக்கவில்லை. அதன் பின் அனைத்துலக விதி மாறியது. 2015 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடத்தப்பட வேண்டும். கொவிட் கிருமித்தொற்றுக்குப் பிறகு பல கப்பல்களில் அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி, கைத்தொலைபேசியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ பாதுகாப்புப் படத்தைப் பார்ப்பதாகவே அமைந்துவிட்டது. அதன் பிறகு பயணி தமக்குரிய கூடுமிடத்துக்கு நேரில் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும்.

எனவே அறைக்குள் நுழைந்ததும் சொந்தக் கருவியை இணைக்கும் வேலையில் இறங்காமல், முதலில் அந்தப் பாதுகாப்புப் படத்தைக் குடும்பத்தோடு பார்த்துவிட வேண்டும். மூத்தவர்களுக்கு ஆங்கிலம் புரியாவிட்டால் பிள்ளைகள் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். சொந்தப் படம் முடிந்ததும் தொலைக்காட்சியைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். ஒலியையும் அளவோடு வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்து அறைக்காரர் தூக்கம் மட்டுமல்ல, ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியுமாக வரும் அபாயச் சங்கு காதில் விழ வேண்டும் என்பதும் அதற்குக் காரணம்.

பெட்டி கட்டும் முன்

செய்ய வேண்டியவை சிலவே. முதலாவதாக, தொலைக்காட்சியில் வெளிக்கருவியை இணைக்க முடியுமா என்று கப்பல் நிறுவனத்திடமோ பயண முகவரிடமோ கேட்டுவிட வேண்டும். இரண்டாவதாக, கைத்தொலைபேசி, இணைப்பான், கேபிள் மூன்றையும் வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். வீட்டில் வராத படம் கடலில் வராது. மூன்றாவதாக, படங்களைக் கருவியிலேயே பதிந்துகொள்ள வேண்டும். நான்காவதாக, கப்பல் தொலைக்காட்சி மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டாவது வழியைத் தயாராக வைத்திருக்க வேண்டும். ஒரு கைக்கணினி, அதை நிறுத்தி வைக்க ஒரு தாங்கி, ஒரு சிறு ஒலிபெருக்கி ஆகியவை போதும்.

தாத்தாவின் மகன் செய்யாமல் விட்டது அந்த நான்காவது வேலையைத்தான். பேத்தியின் கைக்கணினியில் ஒரு பிரதி இருந்திருந்தால் அந்த இரவு வீணாகியிருக்காது. திரை பத்து அங்குலம்தான் இருக்கும். ஆனால் அதைப் பார்க்க எல்லாரும் தாத்தாவை நெருங்கி உட்கார வேண்டியிருக்கும். படத்தில் இருக்கும் ஒவ்வொரு முகத்தையும் காட்டி, "இவர் யார் தாத்தா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்க, அவர் சொல்லச் சொல்லக் கதை வளரும். பெரிய திரை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் அந்தப் பேச்சு நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது வீட்டார் கையில்தான் இருக்கிறது.